நோயுற்ற உறவும் ரத்தான பயணமும்

 

 

கோடை விடுமுறை நடந்து கொண்டிருக்கிறது. நம் மஹல்லாவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிலர் உம்ராவுக்குப் போயிருக்கிறார்கள், சிலர் துபாயில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். கொடைக்கானலை நாம் பயணமாகவே நினைப்பதில்லை, காலையில் போய் இரவு திரும்பிவிடுகிறோம். (திண்டுக்கல்லில் இருந்து அதுவும் கஸர் தொழும் தூரம்தான். போகிறவர்கள் மறந்துவிட வேண்டாம்.)

இந்த விடுமுறையில் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் இன்று பேச வேண்டும் என்று நினைத்தேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவர் யார் என்று யாரும் தேட வேண்டாம்.

சென்ற வாரம் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். மனைவி மக்களோடு காஷ்மீர் போக நான்கு மாதத்துக்கு முன்பே விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் பணம் கட்டி வைத்திருக்கிறார். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது அவருடைய பெரியம்மா, அதாவது தாயின் அக்கா, மயங்கி விழுந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய் ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள். இவருக்கு ஏழு வயதில் தாய் மவுத். அதற்குப் பிறகு வளர்த்தது அந்தப் பெரியம்மாதான். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

“பயணத்தை ரத்து செய்யணும் ஹஜ்ரத், அது தெரியுது. டிக்கெட் எடுக்கும்போதே டிராவல் இன்சூரன்ஸும் போட்டிருந்தேன். இப்ப கேட்டா, அம்மா, அத்தா, மனைவி, பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க இவங்களுக்கு முடியலைன்னாதான் பணம் வருமாம். பெரியம்மா அந்த லிஸ்ட்ல இல்லையாம். தெரிஞ்சவர் ஒருத்தர், அம்மான்னே பேப்பர் ரெடி பண்ணித் தர்றேங்கிறார். தாயின் சகோதரி தாயின் அந்தஸ்தில் உள்ளவங்கன்னு நீங்களே பயான்ல சொல்லியிருக்கீங்க. ஹதீஸ்ல தாய்னா பேப்பர்லயும் தாய்தானே?” என்று கேட்டார்.

சகோதரர்களே, அவர் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. கிட்டத்தட்ட எண்பதாயிரம் ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை.

அந்த ஹதீஸ் எங்கே, எதற்காகச் சொல்லப்பட்டது என்று பார்ப்போம். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு. உம்ரத்துல் கழாவை முடித்துக்கொண்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து புறப்படுகிறார்கள். உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறுமகள் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருகிறாள். அலீ (ரலி) அவர்கள் கையைப் பிடித்து அழைத்து வந்து ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது என்று மூன்று பேருக்குள் போட்டி. என் சிறிய தந்தையின் மகள், அழைத்து வந்ததும் நான்தான் என்கிறார்கள் அலீ (ரலி). எனக்கும் சிறிய தந்தையின் மகள்தான், அதோடு அவளுடைய தாயின் சகோதரி என் மனைவி என்கிறார்கள் ஜஅஃபர் (ரலி). என் சகோதரரின் மகள் என்கிறார்கள் ஸைத் (ரலி). ஒரு யதீம் பிள்ளையை யார் சுமப்பது என்று இன்று நம் வீடுகளில் சண்டை வருகிறது. அன்று எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று சண்டை. தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று சொல்லி, அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் இருக்கும் ஜஅஃபருடைய வீட்டுக்கே பிள்ளையைக் கொடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். புகாரியில் வரும் செய்தி இது.

அந்த வார்த்தை வந்தது வளர்ப்பதற்கு, பாசத்திற்கு, பணிவிடைக்கு. அதற்காக அந்தப் பிள்ளையின் வம்சத்தை யாரும் மாற்றவில்லை. கடைசி வரை அவர் ஹம்ஸாவின் மகள்தான். வளர்ப்புப் பிள்ளைகளைக்கூட அவர்களைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழையுங்கள் என்று சூரத்துல் அஹ்ஸாபில் அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகிறான். எனவே பெரியம்மாவைத் தாய் என்று பேப்பரில் எழுதுவது பொய். அந்தப் பேப்பரைக் காட்டிப் பணம் வாங்குவது மோசடி. நனைந்த தானியத்தை அடியில் வைத்து மேலே காய்ந்ததைப் பரப்பிய வியாபாரியைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி பெரியது, நம்மைச் சேர்ந்தவர்கள் நடத்துவதும் இல்லை, அதனால் பரவாயில்லை என்று அந்த ஹதீஸில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

அவரிடம் நான் சொன்னது இதுதான். “தம்பி, அந்த ஹதீஸ் உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. ஆனால் டிக்கெட்டை ரத்து செய்ய அந்த ஒரு ஹதீஸ் போதும்.”

இன்சூரன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழுகைக்குப் பிறகு தனித்தனியாக வந்து நிறைய பேர் கேட்கிறீர்கள்.

இது புதுப் பிரச்சினை போலத் தெரியும். ஹிஜ்ரி 1252-இல் வஃபாத்தான டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களே ரத்துல் முஹ்தாரில் இதை எழுதியிருக்கிறார்கள். அன்றைய வியாபாரிகள் கப்பலில் சரக்கு ஏற்றும்போது ஒரு தொகை கட்டுவார்கள், சரக்கு மூழ்கினால் நஷ்டஈடு வரும். அதற்கு ஸூகரா என்று பெயர். அந்த நஷ்டஈட்டை வாங்குவது கூடாது என்பது அவர்களுடைய முடிவு. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், குறிப்பிட்ட பிரீமியம் கட்டும் வணிகக் காப்பீட்டில் கரர், அதாவது நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது.

ஆகவே விருப்பப்பட்டு நாமாகப் போய் வாங்க வேண்டாம். சட்டமோ விசாவோ கட்டாயப்படுத்தினால் அது வேறு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். உம்ரா விசாவில் காப்பீடு சேர்ந்தே வருகிறது. அதில் உங்கள் மீது குற்றம் இல்லை. தெரியாமல் வாங்கி, க்ளெய்மும் வந்துவிட்டால், கட்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டு மீதியை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் பக்கத்து உலமாக்கள் பலருடைய கருத்து. கருத்து வேறுபாடு உள்ள விஷயம் என்பதால், உங்கள் விவரத்தை ஒரு முஃப்தியிடம் முழுதாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். விமானக் கம்பெனியோ ஓட்டலோ திருப்பித் தரும் பணத்தில் இந்தக் குழப்பம் இல்லை, அது உங்கள் பணம்.

காப்பீடு என்றாலே எல்லாவற்றுக்கும் பணம் வரும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுக்கும்போது 45 பைசாவுக்கு ஒரு காப்பீடு வரும். அது ரயில் விபத்துக்கு மட்டும். வீட்டில் யாருக்காவது முடியாமல் டிக்கெட்டை ரத்து செய்தால் அதில் ஒன்றும் வராது. விமானப் பயணக் காப்பீடுகளிலும், வாங்கும்போதே இருந்த வியாதி என்றால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உறவினரின் நோய்க்காகப் பயணத்தை விட்டவர்களிலேயே பெரிய பயணத்தை விட்டவர் யார்?

ஹிஜ்ரி 2, ரமலான் மாதம். பத்ருக்குப் படை புறப்படுகிறது. இஸ்லாத்தில் அதைவிடச் சிறப்பான பயணம் எது? அந்த நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் மகளும் உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியுமான ருகைய்யா (ரலி) அவர்கள் கடும் நோயில் இருக்கிறார்கள். நீங்கள் வர வேண்டாம், அவரோடு இருங்கள் என்று மருமகனிடம் சொன்னது நபி (ஸல்) அவர்களேதான். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் கனீமத்துப் பங்கும் உங்களுக்கு உண்டு என்றும் சொன்னார்கள். பத்ரின் வெற்றிச் செய்தியோடு ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) மதீனாவுக்குள் நுழையும்போது, இங்கே ருகைய்யா (ரலி) அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

கவனியுங்கள். நோயாளி பிழைக்கவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களால் மரணத்தைத் தடுக்க முடியவில்லை. “நான் இருந்து என்ன செய்யப் போகிறேன், டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கணக்குப்படி அவர்கள் போயிருக்கலாம். ஆனால் இருந்ததற்கே பத்ருடைய கூலி கொடுக்கப்பட்டது.

பல வருடங்கள் கழித்து குழப்பமான காலம் வந்தபோது, இதையே குறையாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். எகிப்திலிருந்து வந்த ஒருவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம், உஸ்மான் பத்ருக்கு வரவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு இப்னு உமர் (ரலி) அவரை உட்காரவைத்து, நபியின் மகள் நோயாக இருந்ததையும், கூலியும் பங்கும் கொடுக்கப்பட்டதையும் விளக்கிச் சொல்லி, இதையும் சேர்த்துக் கொண்டுபோ என்று அனுப்பினார்கள்.

அந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கே இப்படி ஒரு நாள் வந்தது. மக்கா வழியில் பயணத்தில் இருக்கும்போது, மனைவி ஸஃபிய்யா பின்த் அபீ உபைத் கடும் நோயில் இருப்பதாகச் செய்தி வருகிறது. உடனே வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். சூரியன் மறைந்து செவ்வானமும் போன பிறகுதான் இறங்கி, மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதார்கள். அவசரப் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் இப்படிச் செய்யப் பார்த்திருக்கிறேன் என்றார்கள். (சேர்த்துத் தொழுவதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை இன்னொரு நாள் பேசுவோம்.) சுன்னத்தைப் பின்பற்றுவதில் அவ்வளவு பேணுதலான மனிதர், மனைவிக்கு முடியவில்லை என்றதும் வழியில் எங்கும் தங்காமல் விரைந்தார்கள். மாமியார் வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கும் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூ அனுப்பிவிட்டு நண்பர்களோடு குற்றாலம் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அதற்காக, உறவில் யாருக்குத் தலைவலி என்றாலும் பயணத்தை ரத்து செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது, நான் போய்விட்டால் அவரைப் பார்க்க ஆள் இருக்கிறதா, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான். பணிவிடைக்கு வேறு ஆள் இல்லாத தாய் தந்தையை விட்டுவிட்டு ஹஜ்ஜுக்குப் போவதையே ஃபுகஹாக்கள் மக்ரூஹ் என்று எழுதியிருக்கும்போது, காஷ்மீர் எம்மாத்திரம்? நான்கு பிள்ளைகள் மாறி மாறிப் பார்க்கிறார்கள், நோயாளியும் மனதாரப் போய்வா என்கிறார் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக மட்டும் தங்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன காசைப் பற்றிப் புலம்புவதால் நோயாளிக்கு என்ன லாபம்? அது அவர் காதிலும் விழும்.

கடைசியாக, நம் ஜமாஅத்தில் டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சஃப்பிலேயே இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓதும் காலத்தில் குதூரியில் இஜாரா பாடத்தில் படித்த மஸ்அலா இது. ஒருவர் பயணத்துக்காக ஒரு வாகனப் பிராணியை வாடகைக்குப் பேசினார், பிறகு பயணம் போக வேண்டாம் என்று ஆகிவிட்டது. அது உஸ்ரு, தகுந்த காரணம், வாடகை ஒப்பந்தத்தை அவர் முறித்துக்கொள்ளலாம். ஆனால் வாகனக்காரர், எனக்கு வர மனமில்லை என்றால் அது காரணமாகாது, அவர் வேறு ஆளை அனுப்பலாமே. இது ஹனஃபி மத்ஹபின் சட்டம், ஷாஃபிஈயில் இப்படி இல்லை. மத்ஹபு எதுவானாலும், வியாபாரத்தில் வாங்கியவர் வருந்தித் திரும்பி வரும்போது ஒப்பந்தத்தை ரத்து செய்து கொடுப்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் பொது. இகாலா என்று அதற்குப் பெயர். விமானத்துக்கும் ஓட்டலுக்கும் நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டதைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களை யாரும் நஷ்டப்படச் சொல்லவில்லை. உங்கள் லாபத்தை மட்டுமாவது விட்டுக்கொடுங்கள். ஐசியூ வாசலில் நிற்பவரிடம் சம்பாதிக்க வேண்டாம்.

இன்னொன்றும் யோசியுங்கள். அஷ்அரீ கூட்டத்தார் உணவு குறைந்தால், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். 40 பேர் உம்ரா குழுவாகப் போகிறீர்கள். தலைக்கு 500 ரூபாய் அன்பளிப்பாகப் போட்டால் 20,000 ரூபாய். யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு சோதனை வந்து நின்றுவிட்டால், அவருடைய நஷ்டத்தில் ஒரு பகுதியாவது அதிலிருந்து கொடுக்கலாம். பெரியம்மாவா, மாமுவா, நன்னியா என்று அங்கே லிஸ்ட் பார்க்க வேண்டியதில்லை.

அந்தச் சகோதரர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். பொய்ப் பேப்பர் வாங்கவில்லை. விமானக் கம்பெனியில் இருந்து கொஞ்சம் திரும்ப வந்தது, பெரும்பகுதி போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நேற்று போன் செய்தார். பெரியம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், கண் விழித்ததும், “நீ ஊருக்குப் போகலையா அத்தா?” என்றுதான் கேட்டார்களாம். மகனை அத்தா என்று கூப்பிடுவது நம் வீட்டுத் தாய்மார்களின் வழக்கம்.

அவருக்கும், நம் ஊரிலும் மதுரையிலும் ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் நம் மஹல்லா நோயாளிகளுக்கும் இப்போது எல்லோரும் சேர்ந்து ஷிஃபாவுக்காக துஆ செய்வோம். ஸலவாத்து ஓதிக்கொள்ளுங்கள்.