தோளின் மேல் ஆடு

ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினவனைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். அவன் முட்டாள் என்பது நம் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கண்ணும் கருத்துமாகத் தேடினான். அதனால்தான் ஆடு அகப்படவில்லை. தேடுவதில் இருந்த மும்முரம் தோளின் கனத்தை மறக்கடித்துவிட்டது. இது வேலை தெரியாதவனுக்கு வரும் வியாதி அல்ல. வேலை தெரிந்தவனுக்குத்தான் அதிகம் வருகிறது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் பழைய பெட்ரோல் ஜீப்பில் ஒருமுறை அந்த வழியே போனேன். டிரைவர், ஒரு மெக்கானிக், எடுபிடி வேலைக்கு ஒரு பையன், நான். சில நாட்களாகவே வண்டி மலையேறும்போது நின்று நின்று போயிற்று. அதனால்தான் மெக்கானிக்கும் கூட வந்தார். கைதேர்ந்த மனிதர். என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடக் கூடியவர்.

நாலாவது வளைவு தாண்டியதும் வண்டி இருமிக்கொண்டு நின்றது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே தூசி இருந்தது. "நான் சொல்லலே?" என்று டிரைவரைப் பார்த்தார். ஊதித் துடைத்து மாட்டினார். அதற்குள் பையன் டாங்க் மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பெட்ரோல் அளவு பார்த்து மூடினான். வண்டி கிளம்பியது. ஒன்பதாவது வளைவில் மறுபடி நின்றது. இந்தத் தடவை பிளக்குகளில் கரி. துடைத்தார், பையன் குச்சியை விட்டுப் பார்த்தான், வண்டி கிளம்பியது. பதின்மூன்றாவது வளைவில் பெட்ரோல் பம்பின் முறை வந்தது.

"அண்ணே, மூடியைத் தொறக்கறப்பெல்லாம் புஸ்ஸுன்னு சத்தம் வருதுண்ணே" என்றான் பையன்.

"போடா, போய்த் தண்ணி கொண்டா" என்றார் மெக்கானிக், தலையைத் தூக்காமலே.

அந்தப் 'புஸ்'ஸில்தான் எல்லாம் இருந்தது. டாங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் ஊசிக் கண் போல ஒரு துவாரம் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றின் அழுத்தம் குறைந்துபோகும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாயும். வண்டி இன்னும் சிறிது தூரம் ஓடும். ஆக, ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கிளப்பியது மெக்கானிக்கின் கை அல்ல, பையனின் குச்சி. கழற்றுவதற்கு ஒன்றும் பாக்கியில்லாமல் போனபோது டிரைவர், "அவன் சொல்றதையும்தான் பார்ப்போமே" என்று மூடியைத் தளர்த்தி ஒரு துணியைச் சுற்றினார். அப்புறம் ஏற்காட்டு ஏரிக்கரை வரையில் வண்டி எங்கும் நிற்கவில்லை.

மெக்கானிக் அழுக்கைத் தேடினார், அழுக்கு கிடைத்தது. பழைய வண்டியில் எங்கே தேடினாலும் அழுக்கு கிடைக்கும். தேடியது கிடைத்துவிட்டது என்பது, காரணம் கிடைத்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. நாம் செய்த வைத்தியத்துக்குப் பின் நோய் தணிந்தது என்பதும் அத்தாட்சி ஆகாது. வைத்தியம் என்றே எண்ணாமல் செய்த ஏதோ ஒன்று அதைத் தணித்திருக்கலாம்.

ஜீப் நின்றால் ஒரு மணி நேரம் நஷ்டம். ஆகாயத்தில் அப்படியல்ல. 1972 டிசம்பர் 29-ஆம் தேதி இரவு, நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மயாமியில் இறங்கத் தயாரானது. முன் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு மட்டும் எரியவில்லை. 2000 அடி உயரத்தில் தானியங்கிக் கருவியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, விமானிகள் அந்த விளக்கோடு மல்லுக்கட்டினார்கள். இதற்கிடையே தானியங்கியின் உயரப் பிடிப்பு விட்டுப்போயிற்று. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தது. யார் காதிலும் ஏறவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து சுமார் 100 பேர் இறந்தார்கள். முன் சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் பியூஸ் போயிருந்தது.

நம் நாட்டிலும் நடந்தது. 1978 ஜனவரி 1-ஆம் தேதி இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' விமானம், கிளம்பிய சில நிமிஷங்களில் அரபிக் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கேப்டனுக்கு எதிரே இருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பி அவர் இடப்பக்கம் திருப்பினார் என்பது விசாரணையின் முடிவு. வெளியே கடலும் வானமும் ஒரே இருட்டு. அந்த ஒரு கருவியைச் சந்தேகிக்க வைக்கக்கூடிய வேறு கருவிகள் அதே அறையில் இருந்தன.

இவர்களையெல்லாம் அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணை ஒன்றில் பதிக்காமல் எந்த வேலையும் நடக்காது. ஜட்கா குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது அது ஒழுங்காக ஓடுவதற்குத்தான். ஆனால் குதிரை தன் கண்பட்டையைத் தானே கழற்றிக்கொள்ள முடியாது. பக்கத்தில் ஒருவர் வேண்டும். நமக்கு வாய்க்கும் அந்த ஒருவர் பெரும்பாலும் நம்மைவிடச் சிறியவராக, தண்ணீர் கொண்டுவரும் பையனாக இருந்துவிடுகிறார். அவர் சொல்வது பொய் என்று நாம் நினைப்பதில்லை, காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. பெரிய நோய்க்குப் பெரிய காரணம் இருந்தால்தானே நம் படிப்புக்கு மரியாதை?

எளிய காரணம்தான் எப்போதும் உண்மை என்று சொல்லிவிடவும் கூடாது. அதே சேர்வராயன் மலையில் காப்பிச் செடி ஒன்று வாடுகிறது. உரம் போதவில்லை என்கிறார் ஒருவர். தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே துளைப்பான் புழு. சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று மருந்துக்கு ஓடுகிறார் இன்னொருவர். அனுபவஸ்தரோ அண்ணாந்து பார்க்கிறார். மேலே நிழல் மரத்தை வெட்டியிருக்கிறார்கள்! வெயில் படும் தண்டைத் தேடித்தான் அந்த வண்டு முட்டையிட வருகிறது. எளிதோ சிக்கலோ, முதலில் கைக்குக் கிடைத்ததோடு நின்றுவிடக் கூடாது என்பதே விஷயம்.

யந்திரமும் செடியும் போகட்டும். மனிதர்களிடம் நாம் இதைச் செய்யும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை பரீட்சையில் தேறவில்லை. டியூஷன் வைக்கிறோம், அடிக்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், கடைசியில் 'மக்கு' என்று பெயரும் சூட்டிவிடுகிறோம். பின் பெஞ்சியிலிருந்து கரும்பலகை தெரியவில்லை என்று அது சொல்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. டாங்க் மூடியாவது சத்தம் போட்டது. இந்தப் பிள்ளை அதுவும் செய்வதில்லை. மூக்குக் கண்ணாடி ஒருநாள் வந்துவிடும். அதற்குள் நாம் கொடுத்த பெயர் அதன் மனசில் ஊறிப்போயிருக்கும்.

ஆகையால், 'இவனுக்கு ஒன்றும் ஏறாது' என்று யாருக்கும் தீர்ப்பு எழுதுமுன், மிகச் சாதாரணமான கேள்விகளை ஒரு தடவை கேட்டுவிடலாம். கண் நன்றாகத் தெரிகிறதா? காது கேட்கிறதா? காலையில் சாப்பிட்டாயா? இவற்றைக் கேட்பதால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.