பாரத்தைப் பங்கு போடுங்கள்

"வேலைக்குப் போகவே மனசு வரல, ஐயா" என்று ஜெபத்துக்கு வருகிற அநேகர் என்னிடம் சொல்லுகிறார்கள். சம்பளம் உண்டு, சந்தோஷம் இல்லை. இதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

யாத்திராகமம் 18-ஐ வாசித்துப் பாருங்கள். காலைமுதல் சாயங்காலமட்டும் மோசே ஒருவனே ஜனங்களின் வழக்குகளை விசாரித்தான். தேவன் கொடுத்த ஊழியந்தான்! ஆனாலும் அது அவனையும் ஜனங்களையும் இளைக்கப்பண்ணும் என்று மாமன் எத்திரோ எச்சரித்தான். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப்பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னான். வேலையை விடச் சொல்லல, பங்கு போடச் சொன்னான். மோசேயும் கேட்டான்.

பாரம் மிஞ்சினால் பிரியமான வேலையும் கசந்துபோகும், சரீரமும் கெடும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததினால் வந்த பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் 2016-ல் சுமார் 7,45,000 பேர் மரித்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்குச் சொல்லின.

சகோதரனே, சகோதரியே, "இவ்வளவுதான் என்னால முடியும்" என்று மேலதிகாரியிடம் தாழ்மையாய்ச் சொல்லுங்கள், அது கலகமல்ல. வேலை வாங்குகிற இடத்தில் இருக்கிறவர்களே, உங்கள் கீழே இளைத்துப்போகிறவர்களைப் பாருங்கள்! தூக்கம் போய்விட்டதா? ஜெபியுங்கள், மருத்துவரையும் பாருங்கள். எத்திரோவைப்போல உண்மையைச் சொல்லுகிற ஒரு ஆளைக் கர்த்தர் உங்களுக்குத் தருவாராக. ஆமென்!