மோமோவுக்குத் தன்னியல்பு உண்டா?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்கும் இடத்தில் புளூமிங்டன் என்ற ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 80,000-ஐ எட்டவில்லை. இந்தியானா பல்கலைக்கழகம்தான் அதற்குப் பெயர் தேடித் தந்தது. வளாகத்தை ஒட்டிய நான்காம் தெருவில் பழைய வீடுகள் பலவற்றை உணவகங்களாக மாற்றியிருக்கிறார்கள். தாய்லாந்து, இந்தியா, துருக்கி என்று பல நாட்டுச் சமையல் அங்கே இடம்பிடித்தது. பெருநகரங்களிலேயே அரிதான திபெத்தியச் சமையலும் அந்த ஊருக்கு வந்தது. அங்கே திபெத்தியர்கள் காலூன்ற வழிசெய்தவர் துப்தென் ஜிக்மே நோர்பு. 14-ஆம் தலாய் லாமாவின் மூத்த அண்ணன். கும்பும் என்ற திபெத்தியப் பௌத்த மடத்தின் தலைவராக இருந்தவர். 1965 முதல் 1987 வரை அந்தப் பல்கலைக்கழகத்தில் திபெத்தியவியல் கற்பித்தார். 1979-இல் அங்கே திபெத்தியப் பண்பாட்டு மையத்தை நிறுவினார். 1999-இல் தலாய் லாமா காலசக்கரம் என்ற பௌத்த தீட்சை அளித்ததும் இந்த ஊரில்தான்.

இத்தகைய ஊருக்குப் புதிதாக வரும் மாணவரோ ஆசிரியரோ பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இங்கே அசல் சாப்பாடு எங்கே கிடைக்கும்? பசியில் பிறந்த கேள்விதான். ஆனாலும் அதற்குள் ஒரு தத்துவக் கோட்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பண்டத்துக்கும் பிறிதொன்றைச் சாராத, மாறாத இயல்பு ஒன்று உண்டு. நல்ல கடை அதைக் கெடாமல் பரிமாறுகிறது, கெட்ட கடை சிதைத்துவிடுகிறது என்பது அந்தக் கோட்பாடு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் தத்துவ ஆசிரியர் நாகார்ஜுனர் எடுத்து ஆராய்ந்து மறுத்தது இதைத்தான். தோன்றுவது எதுவும் காரணங்களைச் சார்ந்தே தோன்றுகிறது. சார்ந்து தோன்றியதற்குத் தன்னியல்பு இருக்க முடியாது. அந்தத் தன்னியல்பின்மைக்கே சூனியம் என்று பெயர். திபெத்திய மடங்களில் துறவிகள் கைதட்டி வாதிட்டுக் கற்கும் பாடங்களில் இதுவும் ஒன்று. அசல் என்பதைப் பற்றி, மோமோ என்ற திபெத்திய உணவைச் சமைக்கும் மக்களின் மரபே இவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறது. அதைக் கேட்காமல் அவர்கள் சமையலை மட்டும் எடைபோடுவது நியாயமாகப் படவில்லை.

மோமோவையே எடுத்துக்கொள்வோம். கோதுமை மாவுக்குள் இறைச்சிப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டை அது. அதன் பெயர், ஆவியில் வெந்த ரொட்டிக்குச் சீனர்கள் வழங்கும் சொல்லோடு ஒத்திருக்கிறது. திபெத்தின் அன்றாட உணவோ வறுத்த பார்லி மாவான சம்பா. அங்கே மோமோவின் பூரணத்தில் யாக் இறைச்சி இருக்கும். 1959-க்குப் பின் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தவர்கள் முட்டைக்கோசையும் கோழியையும் அதற்குள் வைத்தார்கள். தொட்டுக்கொள்ளும் துவையலின் உயிரான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸின் பயணத்துக்கு முன் ஆசியாவில் யாரும் அதைச் சுவைத்ததில்லை. (நம் மொழியும் மிளகின் பெயரை இரவல் வாங்கித்தான் அதற்குப் பெயரிட்டது.) தண்ணீரும் ஓரிடத்தைப் போல் இன்னோரிடத்தில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாசாவில் 88 டிகிரி செல்சியஸை ஒட்டியே அது கொதித்துவிடும். புளூமிங்டனில் 99 டிகிரியைத் தாண்டிய பிறகே கொதிக்கும். அதே கை, அதே மாவு என்றாலும் அதே வேக்காடு கிடைக்காது. இந்தப் பயணத்தில் எந்த இடத்தில் நின்று ‘இதுதான் அசல் மோமோ’ என்று விரல் நீட்டுவது? எங்கே நிறுத்தினாலும், அதற்கு முந்தைய மாற்றத்தை மறந்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

சிறு ஊரின் கடைகளை வைத்துப் பார்த்தால் இந்தச் சார்பு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் செட்டிநாட்டுக்கு ஒரு கடை, ஆந்திராவுக்கு ஒரு கடை என்று நடத்தலாம். ஐம்பது இந்தியக் குடும்பங்களும் சில நூறு மாணவர்களும் இருக்கும் ஊரில் ஒரே கடை ஒரு துணைக்கண்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. தோசையும் பட்டர் சிக்கனும் ஒரே பட்டியலில் இடம்பெறுவது அதனால்தான். கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊர் திரும்பினால் மேசைகள் காலியாகும். காரத்தைக் குறைப்பதா, பட்டியலை நீட்டுவதா என்பதைச் சமையல்காரரின் கைப்பக்குவத்தோடு ஊரின் கல்வி நாட்காட்டியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இதை ஒரு பாத்திரத்தின் கதையாகவே சொல்லியிருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன், உண்பதற்கு ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டபோது அதனால் பயனில்லை என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிடுகிறான். பின்னர் அது காப்பியத் தலைவி மணிமேகலையின் கைக்கு வந்தபோதும், ஆதிரை என்ற பெண் முதல் பிச்சையை இட்ட பிறகே ஊர்ப்பசி தீர்க்கத் தொடங்குகிறது. இடுபவரும் உண்பவரும் இல்லாமல் அமுதசுரபிகூட வெறும் ஓடு. அதே காப்பியத்தின் இறுதிக் காதை பன்னிரு சார்புகளை விளக்குவதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எதற்கும் தன்னியல்பு இல்லையென்றால் எல்லாச் சமையலும் ஒன்றுதானே? டப்பாவில் வந்த மசாலாவைக் கரைத்து, சர்க்கரையைக் கொட்டி, நாள் முழுக்கச் சூடுகாட்டிப் பரிமாறுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதானா? நாகார்ஜுனரிடம் கேட்கப்பட்டதும் இதே வகைக் கேள்விதான்: எல்லாம் சூனியம் என்றால் நன்மை தீமை, ஆசான், அறம் எல்லாம் பொய்யா? அவர் விடையாக வைத்தது இரண்டு உண்மைகள் என்ற கொள்கை. இறுதி உண்மையில் எதற்கும் தன்னியல்பு இல்லை. உலக வழக்கின் உண்மையில் வேறுபாடுகள் அப்படியே நிற்கின்றன. தேருக்கு அச்சையும் சக்கரத்தையும் தவிர வேறு சாரம் இல்லை என்பதால் சக்கரம் உடைந்த தேர் ஓடிவிடாது. மாவு வேகாத மோமோ வேகாததுதான். கெட்டுப்போன எண்ணெய் கெட்டுப்போன எண்ணெய்தான். நல்ல சமையலை மற்றதிலிருந்து பிரிக்கும் அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது: சமைப்பவர் பொருளை அறிந்திருக்கிறாரா, நேரம் கொடுக்கிறாரா, தான் உண்ணத் துணியாததைப் பிறருக்கு இடாமல் இருக்கிறாரா என்பது. இவற்றைச் சோதிக்க ‘அசல்’ என்ற சொல் தேவைப்படவில்லை.

இன்னொரு மறுப்பு மனத்தை வருத்துவது. நாட்டை இழந்த மக்களிடம் போய் ‘உங்கள் உணவுக்கும் தன்னியல்பு இல்லை’ என்று சொல்வது கொடுமையாகாதா? மொழியும் வழிபாடும் சமையலும் அவர்கள் தூக்கிக்கொண்டு வர முடிந்த சொற்ப உடைமைகள் அல்லவா? இதை நான் முழுதாக ஏற்கிறேன். பாட்டி செய்த முறையில் செய்ய வேண்டும் என்று ஒரு திபெத்தியத் தாய் விரும்பும்போது அவள் தன் சார்புகளைக் காப்பாற்றுகிறாள். அந்த உரிமை அவளுடையது. அதே கோரிக்கையை மேசையில் அமர்ந்த வாடிக்கையாளர் வைக்கும்போது பொருள் மாறிவிடுகிறது. லிசா ஹெல்ட்கே மின்னசோட்டாவில் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். புதுச் சுவைகளைத் தேடி அலையும் மேலைநாட்டவரின் மனப்போக்கில் காலனியத்தின் சாயல் இருக்கிறது என்று 2003-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். உணவுப் பண்பாட்டு ஆய்வாளர் கிருஷ்ணேந்து ராய் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பிரெஞ்சு, ஜப்பானிய உணவுக்கு அமெரிக்கர்கள் தயங்காமல் தரும் விலையைச் சீன, இந்திய, மெக்சிக்க உணவுக்குத் தருவதில்லை என்பதைக் காட்டியது. மலிவாகவும் இருக்க வேண்டும், மாறாமலும் இருக்க வேண்டும் என்று கேட்பது, அடுப்படியில் நிற்பவரை வாழும் மனிதராக எண்ணாமல் அருங்காட்சியகப் பொருளாக நினைப்பது. அவருக்கும் வாடகை இருக்கிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்தியானாவின் பனிக்காலம் இருக்கிறது.

ஆகவே சிறிய பல்கலைக்கழக ஊர் ஒன்றில் நல்ல உணவகம் தேடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலில் அசலைத் தேடுவதை விட்டுவிட்டு, கூட்டம் குறைந்த வேளையில் சமைப்பவரிடம் இன்று உங்கள் வீட்டுக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். சொன்னால், அதையே உங்களுக்கும் செய்து தரச் சொல்லி, உரிய விலையைக் கொடுங்கள்.