இரண்டாம் அம்பு



நோயைக் காண்டல், அதன் காரணத்தைக் காண்டல், அது தீரும் என அறிதல், தீர்க்கும் வழியில் நிற்றல் என்னும் நான்கும் நல்ல வைத்தியனின் முறையாகும். ததாகதர் அருளிய நான்கு வாய்மைகளும் இம்முறையிலேயே அமைந்துள்ளன. ஆயினும், மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் பிறர் நோயைக் காணக் கற்று, தம் துயரை மட்டும் மறைத்து வைக்கின்றனர். அதனை இன்று சிந்திப்போமாக.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்மேல் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. முதலாண்டிலேயே பிணத்தை அறுத்துப் பயில வேண்டும். பின்னர் வார்டில் இரவெல்லாம் விழித்திருந்து, தாம் கவனித்த நோயாளி விடியுமுன் இறப்பதையும் காண வேண்டும். பள்ளியில் முதல்வராயிருந்தோர் இங்கே ஒரு பரீட்சையில் தவறினால், அதனை வீட்டாருக்கு உரைக்கவும் அஞ்சுகின்றனர். இச்சுமை அவர்தம் கோழைத்தனத்தால் வந்ததன்று. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவே, மேற்படிப்புப் பயிலும் மருத்துவர் வாரத்திற்கு 74 மணிக்குமேல் உழைக்கலாகாதென்று 2024இல் பரிந்துரைத்தது.

பகவான் சல்ல சூத்திரத்தில் இரண்டு அம்புகளை உவமை கூறினார். உடலுற்ற நோவு முதல் அம்பு. அதனை எண்ணி எண்ணி மனம் புலம்புதல் இரண்டாம் அம்பு. பரீட்சையில் தவறியது முதல் அம்பு. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்னும் எண்ணமே இரண்டாவது. அந்நோவினின்று தப்ப வேறு வழி அறியாதோர் புலனின்பத்தை நாடுவர் என்றும் அவர் உரைத்தார். மதுவையும் தூக்க மாத்திரையையும் நாடுவோர் நிலை இதுவன்றோ? லாசரஸ், ஃபோக்மன் என்னும் உளவியலார் 1984இல் வெளியிட்ட நூலில், இடுக்கணை எதிர்கொள்ளும் முறைகளை இருவகையாக வகுத்தனர். இடரையே மாற்ற முயலுதல் ஒன்று. மனத்தைத் தேற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. மாற்றக்கூடியது எது, மாற்றவியலாதது எது எனப் பகுத்தறிதலே நமக்கு வேண்டுவது.

ஈண்டு ஒன்றைத் தெளிக. சாதியையும் இட ஒதுக்கீட்டையும் சொல்லி ஒருவன் இழித்துரைப்பானாயின், அது மாணாக்கர் தமக்குத்தாமே எய்துகொண்ட அம்பன்று. அதனை வாய்மூடிப் பொறுத்தல் சாந்தியாகாது. ராகிங்கைத் தடுக்க 2021இல் ஆணையம் விதிகள் வகுத்துள்ளது. முறையிடுதல் தம்மத்திற்கு மாறானதன்று.

வயிற்றுப்போக்கால் தம் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை உடனுறைந்தோர் கைவிட்டனர். பகவானோ ஆனந்தருடன் சென்று அவரை நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார். தாயும் தந்தையும் உடனில்லாத நீவிர் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்று பிக்குகளை வினவினார். விடுதியிலும் தாய் தந்தையர் இல்லை. அறைத்தோழர் உண்ணாமல், உறங்காமல், பேசாமல் இருப்பின் அருகே அமர்ந்து கேளுங்கள். வாழ்வே வேண்டாமென அவர் கூறின், தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு.

பெற்றோரே, பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், “உறங்கினாயா?” என்று கேளுங்கள். துயர் உண்டென்று அஞ்சாது சொல்வதே முதல் வாய்மை. மருந்து அங்கேதான் தொடங்குகிறது.

அனைவர்க்கும் மங்கலம் உண்டாகுக.