புயல் யாருக்குச் சோதனை?

துன்பம் தன்னைத் தாக்கும்போது மனிதன் முதலில் தேடுவது உதவியை. அதன் பின்னரே விளக்கத்தை. அத்துன்பம் பிறருக்கு நேர்ந்துவிட்டாலோ இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. உதவியை எண்ணுவதற்கு முன்பே விளக்கம் வந்து நாவில் அமர்ந்துகொள்கிறது. "எல்லாம் அவரவர் செய்த பாவம்" என்பார் ஒருவர். "அல்லாஹ்வின் சோதனை, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்பார் மற்றொருவர். பாவம், சோதனை ஆகிய இரண்டும் மார்க்கத்தின் சொற்களே. ஆயினும் அவற்றைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, யாரை நோக்கிச் சொல்ல வேண்டும் என்பது நாம் நின்று ஆராய வேண்டிய கேள்வியாகும்.

கடலூர் மாவட்டத்து மக்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரை வேகங்கொண்ட காற்று வீசிற்று. 40க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மீனவக் குப்பங்களில் படகுகள் நொறுங்கின. வலைகள் மணலில் புதைந்தன. காற்று கரையோடு நின்றுவிடவுமில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களைக் கடந்து, கடலிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள விருத்தாசலம் பகுதி வரையில் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. தந்தை நட்டு, மகன் பயன்கொண்டு வந்த மரங்கள் ஒரே நாளில் விறகாயின. அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்னர், 2004 டிசம்பர் 26இல், இதே கரையை ஆழிப்பேரலை அழித்திருந்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, இம்மாவட்டத்தை மீண்டும் வெள்ளத்தில் ஆழ்த்தியது.

இத்தகைய கரையில் வாழ்பவனை நோக்கி, "இது உன் பாவத்தின் தண்டனை" என்று கூற நமக்கு உரிமை உண்டா? ஆது கூட்டத்தார் காற்றினால் அழிக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறவில்லையா எனச் சிலர் வினவலாம். கூறுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால், அந்தக் காற்று தண்டனைதான் என்பதை நமக்கு அறிவித்தது வஹீ. ஹூது நபி (அலை) அவர்கள் அம்மக்களை நேர் நின்று எச்சரித்தார்கள், அம்மக்கள் மறுத்தார்கள், அதன் பின்னரே காற்று வந்தது. வஹீயின் வாயில் இறுதி நபியோடு அடைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின் வீசிய ஒரு புயலைச் சுட்டி, இஃது இன்னாருக்கு இறங்கிய தண்டனை என்று தீர்ப்பளிப்பவர், தமக்கு அருளப்படாத ஞானத்தைத் தமக்கு உண்டெனக் கோருகிறார்.

அந்த ஞானம் அருளப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ எவ்வாறு நடந்துகொண்டார்கள்? வானில் கருமேகம் திரண்டால் அவர்களுடைய திருமுகத்தில் கவலை படரும். உள்ளே வருவார்கள், வெளியே செல்வார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது, ஆது கூட்டத்தாரையே நினைவுகூர்ந்தார்கள். அந்த அச்சம் தம்மை நோக்கியும் தம்மைச் சார்ந்தோரை நோக்கியும் எழுந்த அச்சம். பிறரைச் சுட்டிக்காட்டிய விரலன்று. அவர்களுடைய அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. மக்கள் அம்மரணத்தையும் கிரகணத்தையும் இணைத்துப் பேசினர். நபியவர்கள் அதனை மறுத்து, சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் ஒளியிழப்பதில்லை என்று விளக்கினார்கள். தம் சொந்த மகனின் மரணத்தோடு வானத்தை முடிச்சுப்போட இசையாத நபியின் உம்மத்தினர், ஓர் ஏழை மீனவனின் வாழ்க்கையோடு காற்றை முடிச்சுப்போடுவது தகுமா?

இன்னும் ஒன்று. நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் வைத்து ஹதீது பேசுகிறது. மார்க்கம் எவருக்கு ஷஹீதின் பெருமையை அளிக்கிறதோ அவருடைய மரணத்தைக் குற்றவாளியின் முடிவாகப் பேசும் நா, தான் யாருடைய தீர்ப்பை மறுத்து நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி 'ஸப்ரு' என்னும் சொல்லுக்கு வருவோம். வீடிழந்த ஒருவர் தம் நெஞ்சுக்குத் தாமே ஸப்ரை ஓதிக்கொள்வாராயின் அது வணக்கம். வயிறு நிறைந்தவர் நனையாத திண்ணையில் அமர்ந்து அவருக்கு அதை ஓதுவாராயின், அது பல வேளைகளில் தம் கடமையைத் தட்டிக்கழிக்கும் உபாயமாகிவிடுகிறது. ஸப்ரு என்பது துன்புற்றவர் தாமே உடுத்திக்கொள்ளும் ஆடை; போர்வை கேட்டவர்மீது பிறர் போர்த்திவிடும் சால்வையன்று.

அப்படியானால் களா கத்ரு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். விதியை நம்புவது ஈமானின் உறுப்பு. அதே விதியை நம்பிய ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து படையோடு திரும்பினார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் மறுமொழி தந்தார்கள். புயல் விதியென்றால், புயலைத் தாங்கும் சுவரும் விதியே, முன்னறிவிப்பும் விதியே.

வங்கக் கடலின் வடகரை இதற்குச் சான்று பகர்கிறது. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் மாண்டோர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. 1991இல் ஏறத்தாழ 1,38,000 பேர் மடிந்தனர். 2007இல் வந்த 'சித்ர்' புயலும் மிகக் கடுமையானதே. ஆனால் அதில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் பெருந்துயரமே என்றாலும், இடையில் மாறியது என்ன? மக்களின் பாவக்கணக்கா? புயல் காப்பகங்கள் எழும்பின. முன்னறிவிப்பு குடிசைவரை சென்றது. தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று மக்களை அழைத்து வந்தனர். காற்று இறைவனுடையது, காப்பகம் கட்டாத குற்றம் நம்முடையது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. அங்கே மண்ணோடும் நெருப்போடும் உழைப்பவர்கள் அறிந்த பாடம் ஒன்றுண்டு. சூளையிலிருந்து எடுத்த பாண்டம் விரிசல் கண்டிருந்தால், எந்த வேலையாளும் பாண்டத்தைப் பழிப்பதில்லை. ஈரம் உலருமுன் சூளையில் வைத்தோமா, வெப்பத்தை விரைந்து ஏற்றினோமா என்று தன் கைவேலையையே சோதிப்பான். மனிதனைச் சுட்ட மண்பாண்டம் போன்ற களிமண்ணிலிருந்து படைத்ததாக அர்-ரஹ்மான் அத்தியாயம் உணர்த்துகிறது. நாமனைவரும் ஒரே மண்தான். உடைந்த மண்ணைப் பார்த்து உடையாத மண் பெருமை பேசலாகாது.

ஆகவே, புயல் சோதனையா என்றால், சோதனையே. ஆனால் அதில் வினாத்தாள் நம் கைக்கும் வந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இழந்தவர் பொறுமையால் சோதிக்கப்படுகிறார். இழக்காதவர் பொருளாலும் காலத்தாலும் சோதிக்கப்படுகிறார். இச்சோதனையில் நாம் பெரும்பாலும் தவறுவது காலத்தில்தான். புயலடித்த வாரத்தில் சோற்றுப் பொட்டலங்கள் மிகுந்து கிடக்கும். பழந்துணிகள் சாலையோரத்தில் குவியும். மூன்றாம் மாதத்தில் எவரும் வருவதில்லை. ஆனால் முந்திரி ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்கவே 3 அல்லது 4 ஆண்டுகள் வேண்டும். விதையிலிருந்து வளரும் பலாவுக்கு 7, 8 ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை தோட்டக்காரர் எதை உண்பார்? மரமே சொந்தமில்லாமல் முந்திரிக்கொட்டை உடைத்துக் கூலி பெற்ற பெண்கள் எங்கே போவார்கள்? படகுக்காரரின் இழப்பை எண்ணலாம். அந்தப் படகில் பங்குக்குச் சென்றவரின் இழப்பை யார் எண்ணுவது? நிவாரணம் போன வழியிலேயே வட்டிக்காரர் வருகிறார்.

ஹிஜ்ரி 18இல் அரபு நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. 'ரமாதா ஆண்டு' என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. மக்களுக்கு வாழ்வு திரும்பும் வரை நெய்யையும் இறைச்சியையும் உண்பதில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விலக்கிக்கொண்டார்கள். எண்ணெயை உண்டு அவர்களுடைய நிறமே கருத்துவிட்டது என்பர். ஜகாத் வசூலையும் அவ்வாண்டு ஒத்திவைத்தார்கள். அவர்கள் எல்லையாக வைத்தது ஒரு வாரத்தையோ ஒரு மாதத்தையோ அன்று. மக்கள் மீண்டும் எழுந்து நிற்கும் நாளை.

நம் ஜமாஅத்துகள் இதனைப் பின்பற்றுவது இயலாத காரியமா? பைத்துல்மாலில் ஒரு பகுதியைக் கர்ளு ஹஸனாக ஒதுக்கலாம். வலைக்கும் கன்றுக்கும் வட்டியில்லாக் கடன் அளித்து, மரம் காய்த்த பின்னர் தவணை தொடங்கட்டும் என்று எழுதிக்கொள்ளலாம். கடன்பட்டவர் இடரில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருவது திருக்குர்ஆன் விதித்த நெறியே. கடன்பட்டோர் ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினருள் ஒரு பிரிவினர் என்பதும் நாம் அறிந்ததே. நேற்று ஜகாத் கொடுத்த கை இன்று வாங்க நேர்ந்திருக்கும். அந்தக் கை நாணாதபடி கொடுப்பதே கொடை.

ஜகாத்தின் சட்டங்கள் ஒருபுறமிருக்க, ஸதகாவின் வாயில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் அண்டை வீட்டாரே. ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் சுற்றுப்புறத்து மீனவ மக்களுக்கு உணவும் தங்க இடமும் அளித்தனர். "உங்கள் கடவுள் ஏன் காக்கவில்லை?" என்று அவர்கள் எவரையும் கேட்கவில்லை, உலை வைத்தார்கள். அந்த உலைச்சோறு பல கேள்விகளுக்கு விடையாயிற்று.

கையில் ஒரு கன்று இருக்கையில் கியாமத்து நாளே வந்துவிட்டாலும், இயலுமாயின் அதனை நட்டுவிட வேண்டுமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். புயல் ஓய்ந்த நிலத்துக்கு இதனினும் பொருத்தமான போதனை உண்டோ? காற்று ஏன் அவ்வழியே சென்றது என்னும் கேள்வியை அதன் உரியவனிடம் விட்டுவிடுவோம். மறுமையில் அது நம்மிடம் கேட்கப்படப் போவதில்லை. அண்டை வீட்டான் பசித்திருந்தபோது நீ எங்கிருந்தாய் என்பதே நம்மிடம் கேட்கப்படும். அக்கேள்விக்கு நாணாமல் விடைகூறும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.