கூந்தன்குளத்துக் கரையில்

மார்கழி மாதத்து விடியற்கருக்கல். இரவெல்லாம் வயலில் மேய்ந்த வரித்தலை வாத்துகள் குளத்துக்குத் திரும்பும் நேரம். முதலில் குரல்தான் கேட்கும். வெகுநேரம் கழித்தே வானில் வரிசை புலப்படும். கேமராவை எடுக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கிற நாட்களும் உண்டு.

*

இந்தப் பறவையை முதலில் பார்த்தது லடாக்கில், பட்டாளத்தில் இருந்தபோது. சோ மொரிரி ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரம். கீழே சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் அங்கே ஏற வேண்டும். பழகிய பிறகும் ஒரு கேன் தண்ணீரைத் தூக்கினால் மூச்சு முட்டும். அந்தக் கரையில்தான் இவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. மெலிந்த காற்றிலிருந்தும் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் ரத்தம் இவற்றுக்கு. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில், 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்தது பதிவாகியிருக்கிறது.

அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. பைனாகுலரில் ஓர் அசைவு தெரிந்தால் ஒரே கேள்விதான்: ஆளா, இல்லையா? பறவை என்று தெரிந்ததும் பார்வை அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

*

ரிட்டயராகி ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. கல்யாண வீட்டில்கூட வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவேன். தூக்கத்திலும் பாதி விழிப்பு. மகள் தன் பழைய கேமராவைக் கொடுத்து, "குளத்துப் பக்கம் போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

சென்ட்ரி நின்றவனுக்கு எதுவும் வராமல் விடிந்தால்தான் நல்ல இரவு. இங்கே பறவை வர வேண்டும் என்றே காத்திருக்கிறேன். நிற்பது அதே நிற்பு. அசையாத கால், அடக்கிய மூச்சு, எல்லாம் பட்டாளம் கற்றுக்கொடுத்தவை. ஆனால் வருவதைப் பார்த்து மனம் அஞ்சுவதில்லை. வருவது எதுவானாலும் வரட்டும் என்று இருக்கிறது. இந்த ஒன்றைப் பழகத்தான் எனக்கு வெகுகாலம் ஆயிற்று. படம் நன்றாக வருவது அதற்குப் பிறகுதான் முக்கியம்.

*

அரசு இந்தக் குளத்தைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். ஊர்க்காரர்களின் காவல் அதைவிடப் பழையது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வீட்டோரத்து மரங்களிலேயே சங்குவளை நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் வாசலெல்லாம் விழும், யாரும் விரட்டுவதில்லை. அந்த எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீரே வயலுக்கு உரம் என்பார்கள். துப்பாக்கியோடு காவல் நின்ற எனக்கு இந்தக் காவல்மீது பெரும் மரியாதை.

மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து சேராத ஆண்டில் குளம் வற்றும், பறவையும் குறையும். அந்த ஆண்டுகளிலும் கரைக்குப் போவேன்.

*

கேமராவோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டுக்கு அருகே போகாதீர்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டியோ கல்லெறிந்தோ கிளப்பாதீர்கள். பகல் முழுக்கத் தண்ணீரில் வரித்தலை வாத்துகள் சும்மா மிதப்பதாகத் தோன்றும், அது ஓய்வு. இங்கே தின்றும் ஓய்ந்தும் சேர்த்த கொழுப்பை நம்பித்தான் அவை மறுபடி வடக்கே கிளம்புகின்றன.