இரண்டு சீட்டு, ஒரு பேச்சு



மேடைப் பேச்சு பழக்கும் இடங்களில் ஒரு பயிற்சி வைப்பார்கள். துண்டுக் காகிதத்தில் ஆளுக்கொரு சொல் எழுதி ஒரு டப்பாவில் போட வேண்டும். பேச வருகிறவர் பார்க்காமல் இரண்டு சீட்டு எடுப்பார். ஒன்றில் 'குடை' என்று இருக்கும், இன்னொன்றில் 'வட்டிக்கடை' என்று இருக்கும். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டையும் சேர்த்து இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

ஏதோ வெளியூர் வித்தை என்று நம் தென்காசிப் பிள்ளைகள் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம் இருக்கிறதே, திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் பெருமையைச் சொல்கிறாள். அருவி ஒரு சீட்டு, சூரியன் ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேனருவித் தண்ணீர் மேலே எழும்பி ஆகாயத்துப் பாதையையே நனைத்துவிடுகிறதாம். அந்த ஈரத்தில் சூரியனுடைய குதிரைகளுக்குக் கால் நிற்கவில்லை, தேர்ச்சக்கரமும் சறுக்குகிறதாம். ஆனி, ஆடியில் அருவிப் பாறைமேல் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கற்பனை எங்கே பிறந்தது என்று சொல்லத் தேவையில்லை. கவிராயர் வழுக்குப் பாறையையும் பார்த்திருக்கிறார், சாரல் நாளில் வெயில் தட்டுத் தடுமாறி வருவதையும் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருந்த ஈரம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

இந்தப் பயிற்சியில் பலர் வேறு வழியில் தப்பித்துக்கொள்கிறார்கள். குடையைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவார்கள். பிறகு, "அதுபோலத்தான் பாருங்கள்" என்று ஒரே தாவலில் வட்டிக்கடைக்குப் போய்விடுவார்கள். கைதட்டலும் கிடைத்துவிடும். எனக்கு அது இணைப்பாகவே தோன்றுவதில்லை. இரண்டு பொருளையும் சரியாகப் பார்க்காதவர்கள்தான் 'அதுபோல' என்ற சொல்லைத் தேடிப் போகிறார்கள்.

சரி, 'கோபுரம்', 'கடிதம்' என்று இரண்டு சீட்டு உங்கள் கைக்கு வந்தால் என்ன பேசுவீர்கள்? தென்காசிக்காரருக்கு இது லட்டு மாதிரி. காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டில், கல்லில் ஒரு பாட்டு வெட்டிவைத்தான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை வந்து, அதை யார் வந்து சரிசெய்தாலும் சரி, உலகம் அறிய நான் அவரைப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. ஒரு ராஜா, இன்னும் பிறக்கவே பிறக்காத ஒருவருக்குக் கும்பிடு போட்டு எழுதிய கடிதம் இது. பெயரும் தெரியாது, விலாசமும் தெரியாது. அவன் பயந்த மாதிரியே பின்னாளில் ராஜகோபுரம் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990ல் ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி எழுந்தது. ஐந்நூறு வருஷம் கழித்துக் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது!

இதைச் சொல்ல நாவன்மை கொஞ்சம் போதும். ஆனால் அந்தக் கல்வெட்டு தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியின் சூட்சுமமே இதுதான். சீட்டைப் பிரித்ததும் திகைத்து நிற்கிறோமே, அப்போது வார்த்தைக்குப் பஞ்சமில்லை. உள்ளே சேர்த்துவைத்த சரக்குக்குத்தான் பஞ்சம்.

தெற்கே நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரை நினைத்துப் பாருங்கள். 1907 மார்ச் 10ஆம் தேதி, சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்துகாட்டியவர். ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் கவிதைக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் முதுகில் எறிகிற பொருளை எண்ணச் சொல்வார். அத்தனைக்கும் நடுவே மனம் சிதறாமல் எல்லாருக்கும் விடை சொல்ல வேண்டும். அவரிடம் ஒருவர், துருக்கனுக்கு இராமனே துணை என்ற கருத்தில் முடியும்படி ஒரு வெண்பா கேட்டாராம். இஸ்லாமியப் புலவரை மடக்குவதற்காகப் போட்ட முடிச்சு. பாவலர் முந்தைய அடியை 'சத்' என்ற அசையில் கொண்டுவந்து நிறுத்தினார். துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான். தம்பிக்கு அண்ணன் துணை! சபை அதிர்ந்திருக்கும். சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய அவர், இராமகதையையும் தம் கதையாகக் கற்றிருந்தார். கல்லாமல் இருந்திருந்தால் அந்த நொடியில் சத்துருக்கன் ஓடிவந்திருப்பானா?

ஆசிரியர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சீட்டு விளையாட்டைப் பிள்ளைகளோடு ஆடுங்கள். சொற்களை ஊருக்குள்ளிருந்தே எடுங்கள்: பிரானூர் பார்டர் பரோட்டா, சிற்றாறு, செங்கோட்டை ரயில், பழைய குற்றாலம், பாட்டியின் சுருக்குப்பை. 'அதுபோல' என்ற சொல்லுக்கு மட்டும் தடை போடுங்கள். பிள்ளை தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். அந்தப் பொருளைப் போய்ப் பார்த்துவிட்டு, விவரம் கேட்டுவிட்டு, நாளைக்கு வந்து பேசட்டும்.

இன்றைக்கு முதல் இரண்டு சீட்டை நானே தருகிறேன். குற்றாலத்துச் சித்திர சபை, உங்கள் தெருக் காய்கறிக் கடை. யோசித்துப் பாருங்கள்.